வரைகதைப் படைப்பாளிகளுக்கான வாசகர் நிதி ஆதரவு

வரைகதைப் படைப்பாளிகளுக்கான வாசகர் நிதி ஆதரவு என்பது, பெரிய பதிப்பகத்தையோ நாளிதழ்க் குழுமத்தையோ சாராமல் வரைகதை (காமிக்ஸ்) உருவாக்கும் ஒருவருக்கு, அவருடைய வாசகர்களே நேரடியாகப் பணம் அளித்து அப்பணி தொடர வழிசெய்யும் முறைகளைக் குறிக்கும். முன்பதிவு, சந்தா, கூட்டு நிதி திரட்டல், மாதாந்திர ஆதரவு, மூல ஓவியங்களை விலைக்கு வாங்குதல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இது நன்கொடையிலிருந்து வேறுபட்டது. பெரும்பாலான முறைகளில் வாசகர் ஒரு பொருளையோ அதற்கான உறுதிமொழியையோ பெறுகிறார். இந்த வேறுபாடு இந்தியச் சட்டத்திலும் முக்கியமானது என்பது கீழே விளக்கப்பட்டுள்ளது.

பொருளியல் பின்னணி

வரைகதை மிகுந்த உழைப்பைக் கோரும் கலை. ஒரு பக்கத்துக்குக் கட்டம் பிரித்தல், பென்சில் வரைவு, மைதீட்டல், எழுத்து பொறித்தல் எனப் பல படிகள் உள்ளன. இவற்றைப் பதிப்பகங்களில் வெவ்வேறு ஆட்கள் செய்வர். தற்சார்புப் படைப்பாளி அனைத்தையும் தானே செய்கிறார்.

கணக்கைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டு உதவும். வாலாஜாபேட்டையில் வசிக்கும் ஓர் ஓவியர் 48 பக்கக் கறுப்பு வெள்ளை நூல் ஒன்றை உருவாக்குவதாகக் கொள்வோம். பக்கத்துக்கு இரண்டு நாள் என்றால் 96 நாள் உழைப்பு. 500 படிகள் அச்சிட, படிக்கு 60 ரூபாய் செலவு. விலை 150 ரூபாய். கடைகள் வழியே விற்றால் 40 விழுக்காடு கழிவு, அதாவது 60 ரூபாய், போய்விடும். எஞ்சுவது படிக்கு 30 ரூபாய். அத்தனை படிகளும் விற்றாலும் 15,000 ரூபாய்தான். நாளொன்றுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 156 ரூபாய். அதே நூலை அஞ்சல், உறை ஆகியவற்றுக்கு 30 ரூபாய் தாமே செலவிட்டு நேரடியாக வாசகருக்கு அனுப்பினால் படிக்கு 60 ரூபாய் எஞ்சும். மொத்தம் 30,000 ரூபாய், நாளுக்கு 312 ரூபாய். இரு மடங்குதான் எனினும், இதைக் கொண்டும் ஒரு குடும்பம் நடத்த இயலாது.

இதே ஓவியருக்கு 100 வாசகர்கள் மாதம் 50 ரூபாய் வீதம் ஓராண்டு அளித்தால் 60,000 ரூபாய் கிடைக்கும். 500 படிகளை நேரடியாக விற்றுப் பெறும் தொகையைப் போல் இது இரு மடங்கு. அதுவும் நூல் அச்சேறும் முன்பே, வரையும் மாதங்களிலேயே வந்து சேரும். வாசகர் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு வாசகரும் எவ்வளவு நெருக்கமாக ஆதரிக்கிறார் என்பதே தற்சார்புப் படைப்பாளிக்கு முக்கியம் என்ற கருத்தை அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008 இல் 'ஆயிரம் உண்மையான ரசிகர்கள்' என்ற கட்டுரையில் முன்வைத்தார். ஆயிரம் என்பது அமெரிக்க வாழ்க்கைச் செலவை ஒட்டிய தோராய எண். அதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

தமிழில் முன்னோடிகள்

வாசகரிடம் முன்பணம் பெற்று நூல் வெளியிடும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சுச் செலவின் பொருட்டு ஆதரவாளர்களிடம் முன்கூட்டியே 'கையொப்பம்' பெற்றார். நூல் வெளிவந்ததும் வாங்கிக்கொள்வதாக அவர்கள் அளித்த உறுதியே அது. இன்றைய கூட்டு நிதி திரட்டலின் அடிப்படை இதுவே எனலாம்.

தோல்வியடைந்த முயற்சியும் உண்டு. சுப்பிரமணிய பாரதி 1920 இல் தம் படைப்புகள் அனைத்தையும் 40 நூல்களாக வெளியிடத் திட்டமிட்டு, அதற்கான தொகையைக் கடனாகத் தருமாறு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்பார்த்த பணம் வரவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார். சாமிநாதையர் கேட்டது ஒரு நூலுக்கான சிறு தொகை. பாரதி கேட்டது நாற்பது நூல்களுக்கான கடன். இலக்கு சிறியதாகவும் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருக்கும்போது மக்கள் எளிதில் முன்வருகின்றனர் என்பதைப் பிற்கால நிதி திரட்டல்களிலும் காணலாம்.

லயன், முத்து காமிக்ஸ்

தமிழ் வரைகதையில் வாசகர் பணத்தால் நிலைத்து நிற்பதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்கள் ஆகும். முத்து காமிக்ஸ் 1972 இல் 'இரும்புக்கை மாயாவி' இதழுடன் தொடங்கியது. லயன் காமிக்ஸ் 1984 இல் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு தொடங்கப்பட்டது. இவை பெரும்பாலும் ஐரோப்பியக் கதைகளின் தமிழாக்கங்கள். ஆகவே இங்கு வாசகர் பணம் நேரடியாக ஓவியருக்குச் செல்வதில்லை. உரிமத் தொகை வழியாகவே செல்கிறது. எனினும் முறையின் இயக்கத்தை அறிய இதைவிடச் சிறந்த சான்று தமிழில் இல்லை.

எண்பதுகளில் வரைகதைகள் பெட்டிக்கடைகளிலும் பேருந்து நிலையக் கடைகளிலும் தொங்கின. முகவர் வழியாக இதழ்கள் செல்லும். விற்காதவை திரும்பி வரும். பணம் மாதங்கள் கழித்து வரும், சில நேரம் வராமலே போகும். தொலைக்காட்சி பரவியபின் இம்முறையில் இயங்கிய இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றன. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ்கூட 1984 முதல் 2005 வரைதான் வெளிவந்தது. பெரிய விநியோக வலையமைப்புக் கொண்ட நிறுவனமே கைவிட்ட தொழிலில், சிவகாசியின் சிறு பதிப்பகம் நீடித்தது குறிப்பிடத்தக்கது.

அது நீடித்ததற்குச் சந்தா ஒரு முக்கியக் காரணம். மணியார்டர் காலத்திலிருந்தே வாசகர்கள் சிவகாசிக்கு முன்பணம் அனுப்பி வந்தனர். 2010 இல் பெல்ஜிய எழுத்தாளர் ழான் வான் ஆம், ஓவியர் வில்லியம் வான்சு ஆகியோரின் நெடுந்தொடர் 'இரத்தப் படலம்' என்ற பெயரில் ஒரே பெருந்தொகுப்பாக முன்பதிவின் துணையுடன் வெளியிடப்பட்டது. இடையிடையே தடைப்பட்ட இதழ்கள் 2012 சனவரியில் மீண்டும் முறையாக வரத் தொடங்கின. அப்போது அமைப்பே மாறியிருந்தது. மலிவுத் தாளும் மலிவு விலையும் போய், வண்ண அச்சும் நல்ல தாளும் அதற்கேற்ற விலையும் வந்தன. கடை விற்பனை சுருங்கி, ஆண்டுச் சந்தாவும் புத்தகக் கண்காட்சியும் முதன்மை பெற்றன. 2015 இல் 'மின்னும் மரணம்' பெருந்தொகுப்பும் முன்பதிவை நம்பியே அச்சேறியது.

இங்கு வாசகர் செய்வது இதழ் வாங்குவது மட்டுமன்று. வரும் ஆண்டின் கதைப் பட்டியலைப் பார்த்து மொத்தத் தொகையையும் முன்னதாகச் செலுத்தும்போது, அவர் பதிப்பகத்துக்கு வட்டியில்லா நடைமுறை மூலதனம் தருகிறார். எத்தனை படி அச்சிட வேண்டும் என்பதும் ஓரளவு முன்பே தெரிந்துவிடுகிறது. அந்த நம்பிக்கையைக் காக்க ஆசிரியர் இதழ்தோறும் வாசகருடன் நேரடியாகப் பேசும் பகுதி எழுதுவதும், தாமதத்துக்குக் காரணம் சொல்வதும் இம்முறையின் இன்றியமையாத உறுப்புகள்.

பிற முறைகள்

அமெரிக்காவில் 1977 முதல் 2004 வரை டேவ் சிம் 'செரிபசு' தொடரை 300 இதழ்கள் தாமே வெளியிட்டார். அங்கு வரைகதைக் கடைகள் திருப்பி அனுப்பும் உரிமையின்றி முன்கூட்டியே இதழ்களைக் கேட்டு வாங்கியதால் இது இயன்றது. அத்தகைய கடைகள் தமிழகத்தில் இல்லை.

2009 இல் தொடங்கிய கிக்சுடார்ட்டர் தளத்தில், இலக்குத் தொகை குறித்த நாளுக்குள் சேராவிட்டால் எவரிடமும் பணம் பெறப்படாது. 2012 இல் ரிச் பர்லூ தம் நகைச்சுவை வரைகதையின் அச்சில் இல்லாத தொகுதி ஒன்றை மறுபதிப்புச் செய்ய 57,750 டாலர் கேட்டார். 14,952 பேர் 12.5 லட்சம் டாலருக்கு மேல் அளித்தனர். எனினும் தொகை உயர உயர அவர் புதிய பரிசுகளை அறிவித்துக்கொண்டே சென்றார். அதே ஆண்டு அவருடைய கையில் காயம் ஏற்பட்டது. அறிவித்தவற்றை நிறைவேற்றப் பல ஆண்டுகள் ஆயின. இத்தளத்தில் திட்டம் தொடங்கத் தகுதியுள்ள நாடுகளில் இந்தியா இல்லை என்பதால், இந்தியப் படைப்பாளிகள் உள்நாட்டுத் தளங்களையோ வெளிநாட்டில் வாழும் கூட்டாளியையோ நாட வேண்டியுள்ளது.

2013 இல் தொடங்கிய பேட்ரியான் மாதாந்திர ஆதரவுக்கானது. 2025 ஆகத்து முதல் அதில் புதிதாகச் சேரும் படைப்பாளிகளின் வருவாயில் 10 விழுக்காடு தளத்துக்குச் செல்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. இதற்கு மாறாக, உள்நாட்டு வாசகர் யுபிஐ வழியே வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பும் தொகையில் கழிவு ஏதுமில்லை. தமிழ்ப் படைப்பாளிக்கு இது எளிய வழி. ஆனால் யார் எவ்வளவு அளித்தார், யாருக்கு எது அனுப்பப்பட வேண்டும் என்ற கணக்கைத் தாமே எழுதிவைக்க வேண்டும். (பல நல்ல முயற்சிகள் ஓவியத்தில் தோற்பதில்லை, இந்தக் கணக்கேட்டில் தோற்கின்றன.)

மூல ஓவியப் பக்கங்களை வாங்குவது மற்றொரு வழி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53அ பிரிவின்படி, மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை செய்யப்பட்டால் அதில் ஒரு பங்கு ஓவியருக்கு உரியது. பங்கின் உச்ச வரம்பு 10 விழுக்காடு. அச்சிட்ட படிகளுக்கு இவ்வுரிமை இல்லை. ஆகவே பழைய இதழ் ஒன்றைச் சேகரிப்பாளரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவது ஆர்வத்தின் அடையாளமாகலாம். படைப்பாளிக்கு அதில் ஒரு காசும் சேராது. பழைய இதழ்களை வருடிப் பகிர்வதும் அவ்வாறே.

சட்டமும் வரியும்

2021 அக்டோபர் முதல் இந்திய அட்டைகளில் தானாகக் கழியும் தொடர் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி விதிகளின்படி முன்னறிவிப்பும் வாசகரின் ஒப்புதல் பதிவும் தேவை. வெளிநாட்டுத் தளங்களில் மாதாந்திர ஆதரவு அளித்த பலருடைய கட்டணங்கள் அப்போது தடைப்பட்டன. மாதந்தோறும் தருவதைவிட ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகத் தருவது இந்திய வாசகருக்கு எளிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புலம்பெயர் தமிழர் ஆதரவு பெறுவோர் அறிய வேண்டியது 2010 ஆம் ஆண்டின் வெளிநாட்டு நிதியளிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். பதிவு பெற்ற செய்தித்தாளின் ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகியோருடன் கேலிச்சித்திரக்காரரும் வெளிநாட்டு நிதியளிப்புப் பெற அதன் 3 ஆம் பிரிவு தடை விதிக்கிறது. கனடா அல்லது பிரித்தானியக் குடியுரிமை பெற்ற தமிழர் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு மூலமே. ஆனால் பன்னாட்டு வணிகத்தில் பொருளுக்கான விலையாகப் பெறும் தொகைக்கு 4 ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆகவே ஒரு நாளிதழில் கேலிச்சித்திரம் வரைபவர், தொராண்டோ வாசகருக்கு நூலை விற்கலாம். அன்பளிப்பாகப் பணம் பெறுவது சிக்கலாகும். உறவினரல்லாதோரிடமிருந்து ஓராண்டில் பெறும் அன்பளிப்புகள் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வருமான வரி உண்டு. பணிக்கு ஈடாகப் பெறுவது எவ்வளவு சிறியதாயினும் வருமானமே.

உள்ளூர்ப் புரவலரும் உள்ளடக்கமும்

வாசகரிடம் கேட்காமல் ஊர்ப் பெரிய நிறுவனங்களிடம் விளம்பரம் பெறலாமே என்ற கேள்வி எழும். கோயில் மலர், பள்ளி மலர், சிற்றிதழ் ஆகியவை அவ்வாறே வெளிவருகின்றன. இதன் எல்லையை வாலாஜாபேட்டை, இராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழில் பகுதியில் தெளிவாகக் காணலாம். பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைக் கழிவுகள் ஏற்படுத்திய கேடு பற்றி உச்ச நீதிமன்றம் 1996 இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. 2025 சனவரியிலும் இதே சிக்கல் குறித்துத் தீர்ப்பளித்தது. ஒரு கிணற்று நீரின் கதையை இங்குள்ள ஓர் ஓவியர் வரைய விரும்பினால், அந்நூலின் பின்னட்டையில் தோல் நிறுவனத்தின் விளம்பரம் இடம்பெற இயலாது. பகுதி மக்களில் பெருந்தொகையினரின் பிழைப்பு அதே ஆலைகளில் என்பதால் உள்ளூர்க் கடைக்காரரும் தயங்கலாம். தலா 150 ரூபாய் தரும் 300 வாசகர் வெவ்வேறு ஊர்களில் இருந்தால், அவர்களுள் எவரும் தனியாகக் கதையை மாற்றச் சொல்ல இயலாது. இது பணத்தின் அளவைவிட அதன் பரவலைப் பற்றிய செய்தி.

ஆயினும் வாசகர் பணமும் முற்றிலும் கட்டற்றதன்று. சந்தாதாரர் பழகிய நாயகர்களையே மீண்டும் கேட்பர். டெக்சு வில்லர் கதைகளுக்கு உள்ள வரவேற்பு புதிய வகைக் கதைகளுக்கு எளிதில் கிட்டுவதில்லை.

அஞ்சல்

நேரடி விற்பனையின் உயிர்நாடி அஞ்சல் துறை. தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856 இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையே ஓடியது. அத்தடத்தில் பயணம் செய்த அஞ்சல் பைகளில் பிற்காலத்தில் சிவகாசி இதழ்களும் இருந்திருக்கும். குறைந்த கட்டணப் பதிவுப் புத்தக அஞ்சல் சேவையை அஞ்சல் துறை 2024 திசம்பரில் நிறுத்தியது சிறு பதிப்பாளர்களைக் கடுமையாகப் பாதித்தது. 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்ற சேவை நடைமுறைக்கு வந்தது. இதில் 300 கிராம் வரை 20 ரூபாயும், 5 கிலோகிராம் வரை அதிகபட்சம் 100 ரூபாயும் கட்டணம், வரி தனி. கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கு இது பொருந்தும். பருவ இதழ்களும், பெருமளவு விளம்பரம் கொண்டவையும் இதில் சேரா. நூலில் அச்சகத்தின் அல்லது பதிப்பகத்தின் பெயர் இருத்தல் வேண்டும். எனவே தற்சார்புப் படைப்பாளி தம் வரைகதையை மாத இதழாக அன்றித் தனி நூலாக வெளியிடுவது அஞ்சல் செலவிலும் இலாபமாகும்.