குடிநீரில் ஃபுளோரைடு: கொதிக்க வைத்தாலும் நீங்காத மாசு

தெளிவாகவும் இயல்பான சுவையுடனும் உள்ள நீர் தூய்மையானது என்றே நாம் கருதுகிறோம். ஐயம் ஏற்பட்டால் கொதிக்க வைத்துப் பருகுகிறோம். காலரா, டைபாய்டு போன்ற நோய்களை உண்டாக்கும் கிருமிகளை அழிக்க இம்முறை ஏற்றது. ஆனால் ஃபுளோரைடு கொதிக்க வைப்பதால் நீங்குவதில்லை. நீராவி மட்டுமே வெளியேறுவதால், எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடுகிறது.

எங்கிருந்து வருகிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைகளில் ஃபுளோரைடு கொண்ட கனிமங்கள் உள்ளன. அவற்றிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. இச்சிக்கலைத் தீர்க்கவே, காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது.

பாதிப்புகள் யாவை?

நிலைத்த பற்கள் உருவாகும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், மிகுதியான ஃபுளோரைடு உடலில் சேர்ந்தால் பற்களில் வெண்திட்டுகளோ பழுப்புக் கறைகளோ தோன்றும். சரியாகப் பல் துலக்காததே காரணம் என்று குழந்தையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் பலர். அது குழந்தையின் தவறன்று. துலக்குவதால் அக்கறை நீங்காது. பல்லாண்டுகள் இந்நீரைப் பருகுவோருக்குக் கழுத்து, முதுகு, மூட்டுகளில் வலியும் இறுக்கமும் ஏற்படலாம். எலும்பில் நேர்ந்த பாதிப்பை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. எனவே தடுப்பதே வழி.

நீங்கள் செய்ய வேண்டியவை

• உங்கள் குழாயில் வருவது காவிரி நீரா, ஆழ்துளைக் கிணற்று நீரா, இரண்டும் கலந்ததா என்பதைப் பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.
• பருகுவதற்கும் சமைப்பதற்கும் பாதுகாப்பான நீரையே பயன்படுத்துங்கள். குளிக்கவும் துணி துவைக்கவும் ஆழ்துளைக் கிணற்று நீர் போதும்.
• சொந்த ஆழ்துளைக் கிணறு இருப்பின், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நீரைப் பரிசோதியுங்கள்.
• சாதாரண வடிகட்டியும் புறஊதாக் கதிர்க் கருவியும் ஃபுளோரைடை நீக்கா. எதிர் சவ்வூடு பரவல் முறைக் கருவி பெருமளவு நீக்கும்.
• பால், கேழ்வரகு போன்ற சுண்ணாம்புச் சத்துள்ள உணவுகள் ஓரளவு துணைபுரியும். ஆயினும் அவை பாதுகாப்பான நீருக்கு மாற்றாகா.

குழந்தையின் பற்களில் கறையோ பெரியவர்களுக்கு நீடித்த மூட்டு இறுக்கமோ காணப்பட்டால், அரசு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அணுகுங்கள். வீட்டில் எந்த நீரைப் பருகுகிறீர்கள் என்பதையும் அவரிடம் தவறாமல் தெரிவியுங்கள்.