எச்சில் சொல்லும் சேதி

வேப்பங்குச்சியால் பல் தேய்த்தால் நுனி சிவக்கிறது, வலி ஏதும் இல்லை, டாக்டரிடம் போகத்தான் வேண்டுமா என்று ரமணாசிரமம் பகுதியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவசியம் போக வேண்டும். சொத்தைப் பல் வலித்து நம்மைக் கிளப்பிவிடும். ஈறு நோய் பெரும்பாலும் வலியே இல்லாமல் எலும்பைக் கரைத்துவிடும்.

அதை எச்சிலிலேயே மோப்பம் பிடிக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் டிமோ சோர்சா குழுவினர் நெடுங்காலம் ஆராய்ந்த 'எம்எம்பி-8' என்ற நொதியை அது தேடுகிறது. இந்த நொதி கிருமியுடையது அல்ல என்பதுதான் என்னை வியக்க வைப்பது. கிருமியை அடிக்க ஓடிவரும் நம் வெள்ளை அணுக்களே அதைச் சுமந்து வருகின்றன. பல்லை ஈறோடும் எலும்போடும் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் நாரை அது அறுத்துவிடுகிறது. திருடனைத் துரத்தி வந்தவர்கள் நம் வீட்டுச் சுவரையே இடித்த கதைதான். அணுவுக்குள் இருக்கும்வரை அந்த நொதி உறங்கும். வெளியே வந்து விழித்தால்தான் அறுக்கும். சோதனை அந்த விழித்த நொதியைத்தான் கணக்கிடுகிறது. எலும்பு ஏற்கெனவே கரைந்திருப்பதை எக்ஸ்ரே காட்டும். இன்று நடக்கும் அரிப்பை இது காட்டும்.

சுத்திகரித்த நீரை அரை நிமிடம் கொப்பளித்து, அதில் சில சொட்டுகளைச் சோதனைப் பட்டையில் விடுவார்கள். விழித்த நொதி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டினால் சில நிமிடங்களில் இரண்டாவது கோடு எழும். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு!

எச்சிலில் கலந்த ரத்தத்தைப் பார்க்கும் சோதனையும் ஜப்பானில் உண்டு. ஆனால் பீடி, சிகரெட் பிடிப்பவர்களின் ஈறில் ரத்தக் கசிவு குறைந்துவிடும். நோய் முற்றியிருந்தாலும் வெளியே தெரியாது. ரத்தம் வரவில்லையே என்று அவர்கள் நிம்மதியாக இருக்கக் கூடாது.

புகையைப் போலவே சர்க்கரை நோயும் ஈறைக் கெடுக்கும். கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் பையில் இப்படி ஒரு பட்டையும் இருந்தால் எத்தனை பேரின் பல் தப்பும்! ஆனால் கோடு எழுந்தாலே நோய் உறுதி என்றில்லை. எழாவிட்டால் ஈறு நலம் என்றும் இல்லை. பல் டாக்டர் அளவுகோடிட்ட மெல்லிய கம்பியை ஈறு இடுக்கில் விட்டுப் பார்த்தே முடிவு சொல்வார். 3 மில்லிமீட்டருக்கு மேல் அது இறங்கினால் சிகிச்சை தேவைப்படலாம். குச்சி சிவக்கும் வாசகர் பட்டைக்காகக் காத்திருக்காமல் நேரே அந்தக் கம்பிக்கே போகலாம்.