உரிமமற்ற மென்பொருள்: எல்லையோரக் கணினி மையங்களுக்கு மாற்றுவழி என்ன?

திருவனந்தபுரம்: தமிழும் மலையாளமும் வழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராமங்களில் தட்டச்சு, அச்சு வடிவமைப்பு மையம் நடத்துவோருக்கு மென்பொருள் உரிமக் கட்டணம் பெருஞ்சுமை. எனினும், திருட்டுப் பிரதியைப் பயன்படுத்துவது அதைவிடப் பெரிய இழப்பில் முடியக்கூடும்.

சட்டவிரோதப் பிரதி என அறிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால், 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி 7 நாள்கள் முதல் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கப்படலாம். வணிக நோக்கமற்ற பயன்பாடு எனில் நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்க்கலாம். வருவாய்க்காக நடத்தப்படும் மையங்களுக்கு இச்சலுகை இல்லை.

மாற்றுவழி அருகிலுள்ள அரசுப் பள்ளியிலேயே இருக்கிறது. கேரள அரசின் 'கைட்' நிறுவனம் லினக்ஸ் அடிப்படையிலான கட்டற்ற இயங்குதளத்தைப் பள்ளிகளுக்கு வழங்கி வருகிறது. இதனால் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ரூ.3,000 கோடி மிச்சமாவதாக அந்நிறுவனம் 2019-இல் தெரிவித்தது.

ஆவணங்களுக்கு லிப்ரே ஆபிஸ், படங்களுக்கு ஜிம்ப், பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ் ஆகியவற்றைத் தொழிலுக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மலையாளத்துக்கு 'மீரா', தமிழுக்கு 'மீரா இனிமை' எழுத்துருக்களும் இலவசமே.

சிக்கல் பழைய கோப்புகளில்தான். ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவற்றை எழுத்துரு மாற்றி மூலம் மாற்றி, மெய்ப்புப் பார்த்த பின்னரே அச்சுக்கு அனுப்ப இயலும். எனவே, புதிய பணிகளை முதலில் ஒரு கணினியில் தொடங்குவதே எளிது.