ஓரிடம், இரு பெயர்

திருவண்ணாமலைக் கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரம் கேட்டிருப்பீர்கள். அக்கருவியில் விரலால் மூடித் திறக்கும் துளைகள் ஏழே. ஆயினும் வித்துவான் சீவாளியில் உதட்டின் அழுத்தத்தையும் மூச்சின் வேகத்தையும் மாற்றி, எந்தச் சுரத்தையும் இம்மியளவு ஏற்றவும் இறக்கவும் வல்லவராயிருக்கிறார். அந்த இம்மியைப் பற்றியே மாணவ நேயர்களிடம் பேச விரும்புகிறேன்.

நம் கருநாடக இசையில் ஒரு ஸ்தாயிக்குச் சுரஸ்தானங்கள் பன்னிரண்டு, பெயர்களோ பதினாறு. சதுச்சுருதி ரிஷபத்தின் இடமே சுத்த காந்தாரத்துக்கும் இடம். ஷட்சுருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஓரிடத்தன. தைவத நிஷாதங்களிலும் இவ்வாறே இரண்டு உள. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி 'சதுர்தண்டி பிரகாசிகை'யில் 72 மேளங்களை வகுக்க இவ்விரட்டைப் பெயர்களே துணைசெய்தன.

"பெயர்தானே இரண்டு, ஒலி ஒன்றன்றோ?" என்று கேட்கலாம். ஆர்மோனியத்தில் ஒன்றே, பாட்டில் அன்று. நாட்டையின் ஷட்சுருதி ரிஷபம் மேலுள்ள அந்தர காந்தாரத்தை நாடி அசையும். தோடியின் சாதாரண காந்தாரமோ ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊசலாடும். நாகசுரம் இவ்விரண்டையும் வேறு வேறாகவே தருகிறது. கட்டையைப் பார்த்து அசைவின்றிப் பாடிப் பழகியவர் வாயில் நாட்டை நாட்டையாக நில்லாது என்பது என் துணிபு.

அசைவை விடுத்து, நிலைத்து நிற்கும் சுரத்தையே அளந்து பார்ப்போம். ஆதார ஸட்ஜம் நொடிக்கு 240 அதிர்வுகள் என்று கொள்க. தம்புராவின் ஸட்ஜத் தந்தியை மீட்டினால் அந்தர காந்தாரம் தானே பிறக்கிறது. அது 5/4 என்னும் விகிதத்தது; அதே ஸ்தாயியில் கணக்கிட்டால் 300 அதிர்வுகள். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வகுத்த கட்டையில் அச்சுரம் ஏறத்தாழ 302.4. இவ்விரு ஒலிகளும் சேர்ந்து எழுந்தால், நொடிக்கு இரண்டு மூன்று முறை ஒலி தடித்தும் மெலிந்தும் அலையும்.

அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. இத்தனை நெடிய தடை மிகையே எனலாம். வடநாட்டு வித்துவான்கள் பலர் அக்கருவியைத் திறம்படக் கையாண்டவர்கள். எனினும் அதன்மீது சொல்லப்பட்ட குறை பொய்யன்று.

ஐயமுறுவோர் தம்புராவோடு அந்தர காந்தாரத்தை நீட்டிப் பாடுக. அலைவு அடங்கிக் குரல் தந்தியொலியில் கரையும் இடத்தில் நிறுத்தி, பிறகு கட்டையை அழுத்துக. கட்டை சற்று மேலே நிற்கக் காண்பீர்கள்.