கொலுக்காட்சிக்கு ஏற்ற பசை

பெங்களூருவில் வாழும் நம்மவர் இல்லங்களில், நவராத்திரிக் கொலுவின் களிமண் பொம்மைகளோடு சிறு பிளாஸ்டிக் உருவங்களும் இடம்பெறுகின்றன. பிள்ளைகள் தம் கையால் வண்ணம் தீட்டி, மரப்பீடத்தில் நிறுத்தியவை அவை. விஜயதசமி கழிந்து பெட்டியில் அடுக்கும்போதோ, பல பீடத்தை விட்டுக் கழன்றுவிடுகின்றன.

பசை மட்டமானது என்று கடைக்காரரை நோவதில் பயனில்லை. தச்சர் கையாளும் வெள்ளைப் பசை, நீர் வற்றுவதால் இறுகுவது. 1959-இல் வெளிவந்த பெவிக்கால் இவ்வினத்தது. மரம் அந்நீரை உறிஞ்ச, பசையும் நுண்துளைகளில் இறங்கிப் பற்றுகிறது. பிளாஸ்டிக்கோ நீரை ஏற்பதில்லை. காய்ந்த பசை ஏடுபோல் உரிந்து வருகிறது.

ஆகவே, பிசினும் இறுக்கியும் கலந்து பூசும் எப்பாக்சிப் பசையையே நாம் பரிந்துரைப்போம். அது வேதிவினையால் இறுகுவது. உருவத்தின் பாதத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் இருபுறமும் பற்றும். நொடியில் ஒட்டும் பசை விரைவானதே. ஆயினும் அதிர்ச்சி தாங்காது. அதன் ஆவி, பிள்ளைகள் தீட்டிய வண்ணத்தின்மேல் வெண்படலமாய்ப் படிவதும் உண்டு.

பீடம் சென்னபட்டணாவினுடையதாயின் (நம் சென்னையன்று, மைசூர்ச் சாலையிலுள்ள ஊர்) மற்றொன்றும் கவனிக்க வேண்டும். அங்கே வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு ஏற்றுவர். அதன்மேல் பூசிய பசை அரக்கைத்தான் பற்றும், மரத்தையன்று. பாதம் படியும் அளவுக்கு அரக்கைச் சுரண்டிவிடுக. மெழுகுபோல் வழுக்கும் பாலித்தீன் உருவங்களில் இப்பசைகள் எவையும் நிலைத்துப் பற்றா. பீடத்தின் அடியிலிருந்து சிறு திருகாணி முடுக்குவதே தக்கது.