அக்கினி நட்சத்திரமும் கோழித் தீவனமும்

சித்திரை பிற்பகுதி முதல் வைகாசி நடு வரையுள்ள அக்கினி நட்சத்திர காலத்தில், திருமங்கலத்தை அடுத்த கப்பலூர் முதலிய மதுரைச் சமவெளிக் கிராமங்களில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்ஷியஸை எட்டுவதுண்டு. அப்போது பண்ணைக்காரர் அடையும் நஷ்டத்தில் ஒரு விசேஷம் காணலாம். மெலிந்த கோழி பிழைத்திருக்க, நன்கு தின்று எடை கூடி விற்பனைக்கு ஆயத்தமான இறைச்சிக் கோழியே பெரும்பாலும் முதலில் மாளுகிறது. இதன் காரணத்தை அறிந்தால் பரிகாரமும் விளங்கும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடற்சூடு இயல்பாகவே சுமார் 41 டிகிரி. வெளிவெப்பம் அதனை நெருங்குங்கால், வாயைத் திறந்து இரைப்பதே சூட்டைத் தணிக்க அதற்குள்ள முக்கிய வழி. இரைப்பினால் கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. முட்டைக் கோழியில் ஓடு மெலிகிறது. அன்றியும், தின்ற தீவனம் ஜீரணமாகும்போது சில மணி நேரம் உடலில் சூடு பிறக்கிறது. முற்பகலில் வயிறு நிறையத் தின்ற கோழியை அச்சூடும் பிற்பகல் வெயிலும் ஒருங்கே தாக்குகின்றன.

ஆகையால் முதற்கண் செய்யத்தக்கது செலவில்லாதது: விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்பும் தீவனம் இட்டு, காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நிறுத்திவைக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் மட்டும் எந்நேரமும் குறையலாகாது. குழாயும் தொட்டியும் நிழலில் இருத்தல் அவசியம்.

இதன் பின்னரே சேர்க்கைப் பொருள்கள். கோழி தன் உடலிலேயே வைட்டமின் 'ஸி'யை உண்டாக்கிக்கொள்ளும்; கடுங்கோடையில் அது போதுவதில்லை. 100 கிலோ தீவனத்திற்கு 20 முதல் 25 கிராம் வரை அதனைச் சேர்க்கலாம். இரைப்பினால் குன்றும் உப்புச் சத்தை ஈடுசெய்ய, அதே அளவு தீவனத்திற்கு 200 முதல் 400 கிராம் வரை ஆப்பச் சோடா இட்டு, அதற்கேற்பச் சாதாரண உப்பைக் குறைக்கவேண்டும். இவற்றை முதலில் இரண்டு கிலோ தீவனத்தில் நன்கு விரவி, பிறகு முழுவதிலும் கலத்தல் நன்று. தண்ணீரில் கொடுப்பதாயின் இரண்டையும் ஒன்றாகக் கரைக்கலாகாது; சோடாவின் காரத்தால் வைட்டமின் கெடும். பொட்டாசியம் சேர்க்க விரும்புவோர் தீவனத்திற்கென விற்பதையே வாங்குக. வயலுக்கிடும் பொட்டாஷ் உரத்தை ஒருபோதும் கொடுக்கலாகாது.

இவை இரைத்து விழுந்த கோழியை எழுப்பும் மருந்தல்ல. வெயில் கடுமையாகுமுன் தொடங்கினாலே பயன் தரும். எனவே கிராம அதிகாரிகள் பங்குனியிலேயே இவ்விஷயத்தைப் பண்ணைக்காரர்களுக்கு எடுத்துரைப்பது நலம். ஐயமுள்ளோர் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலாவது, திருப்பரங்குன்றத்திலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலாவது கேட்டுத் தெளிக.