ஒப்புக்கொடுத்தல்: யாரிடம்?

“எல்லாத்தையும் கர்த்தர் கையில ஒப்புக்கொடுத்துடும்மா.” வீங்கிய கன்னத்தோடு போய் நின்ற என் சித்தியிடம் போதகர் சொன்னது இதுதான். மறுநாள் சித்தி புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போனாள். அன்றிலிருந்து அந்தச் சொல்லின் மேல் எனக்குக் கோபம். ‘அடிமைப் புத்தி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நமக்கு வழக்கம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மதாம் கியோனின் வரலாற்றைப் படித்த பிறகு அது அத்தனை சுலபமாக இல்லை.

1648இல் பிரான்சில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம், மாப்பிள்ளைக்கு வயது இரண்டு மடங்குக்கும் மேல். இருபத்தெட்டில் விதவை. 1685இல் ஜெபம் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கைகூடும் ஜெபம் அது: கேட்காதே, முயலாதே, சும்மா இருந்து உன்னை முழுசாகக் கடவுளிடம் விட்டுவிடு. தென்கலையார் சொல்லும் பூனைக்குட்டி மாதிரி, தாய் கவ்விக்கொண்டு போகிற இடத்துக்குப் போவது. இதன் உச்சத்தில் சொந்த இரட்சிப்பின் மீதான ஆசையும் உதிர்ந்துவிட வேண்டும்.

இங்கேதான் அதிகாரத்துக்கு உதறல் எடுக்கிறது. மோட்ச ஆசை, நரக பயம் என்கிற இரண்டு கயிறுகளால் கட்டி ஆளப்பட்ட உலகம் அது. இரண்டையுமே கடவுளிடம் விட்டுவிட்டவளை எதைக் காட்டி மிரட்டுவது? ஒப்புக்கொடுத்தலைத் திருச்சபை வெறுத்தது என்று சொல்ல முடியாது. பிணத்தைப் போலக் கீழ்ப்படிய வேண்டும் என்று இயேசு சபைக்கு இஞ்ஞாசியார் விதித்ததும் ஒப்புக்கொடுத்தல்தானே. அங்கே நடுவில் ஒரு மேலதிகாரி நிற்கிறார். கியோனிடம் அந்த இடம் காலி.

இதே வழியைச் சொன்ன ஸ்பானியப் பாதிரியார் மொலினோஸின் 68 கூற்றுகளை 1687இல் போப் கண்டனம் செய்தார். 1696இல் மொலினோஸ் சிறையிலேயே செத்தார். கியோன் 1688இல் அடைக்கப்பட்டு அதே வருஷம் விடுதலையானார். 1695இல் மறுபடி கைது, 1698 முதல் பாஸ்டில் சிறை. ஒழுக்கக் குற்றமும் சுமத்தினார்கள், அவர் ஒப்பவில்லை. அவருடைய முதல் எதிரியான பிஷப் பொசுவே உட்பட்ட குருக்கள் பேரவையே 1700இல் அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டது. சிறைக்கதவு திறந்ததோ 1703இல். ஆக, ஒழுக்கமா பிரச்சினை?

உடனே அவரைக் கலகக்காரியாக்கிவிட நமக்குக் கை பரபரக்கும். அவர் அப்படியில்லை. சபையை விட்டு விலகவில்லை, கேட்ட பணிவுக் கடிதங்களில் கையெழுத்தும் போட்டார். அவருக்காக வாதாடிய ஆர்ச்பிஷப் ஃபெனலோன், தன் புத்தகத்தை 1699இல் போப் கண்டித்ததும் தன் மக்களுக்கே அறிவித்துப் பணிந்தார். அது ஒப்புக்கொடுத்தலின் உச்சமா, தோல்வியா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. வருவதெல்லாம் கடவுள் சித்தம் என்றால் சிறையும் சித்தம், சிறை வைத்தவனும் சித்தம். இந்தப் போதனையில் இருக்கும் ஓட்டை இது. போதகர் நுழைந்ததும் இதன் வழியாகத்தான்: ‘கர்த்தரிடம்’ என்று சொல்லிச் சித்தியைப் புருஷனிடம் ஒப்புக்கொடுத்தார். கடவுள் சித்தம் இன்னது என்று வாசித்துச் சொல்லும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு இந்தச் சொல்லைப் பற்றிப் பேச முடியாது.

அடுத்த முறை அடிபட்டபோது சித்தி போதகரிடம் போகவில்லை. பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு ஆச்சி வீட்டுக்கு வந்துவிட்டாள். “ராத்திரி பூரா ஜெபம் பண்ணேன். கெளம்புன்னாரு, கெளம்பிட்டேன்” என்றாள். போதகர் இரண்டு தடவை வந்து பேசிப் பார்த்தார். அவள் போகவில்லை.